எழுத்தாக மாறிப் பயணம் போகும் லோகோ

ஆண்டிபட்டியை ஒட்டிய சக்கம்பட்டியில் நெய்யும் காட்டன் சேலைக்கு வெளியூர்க் கடைகளில் நல்ல பெயர். முன்பெல்லாம் ஆர்டர் தபால் கார்டில் வரும், பிறகு போனில் வந்தது. இன்று பெரிய கடைகளோடு பேச்சு என்றால் மெயில்தான். விலைப்பட்டியலை இணைத்து, நன்றி சொல்லி முடித்த பிறகு கீழே கடையின் பெயர், செல் நம்பர், ஜி.எஸ்.டி. எண், கடைசியாகச் சின்னதாக ஒரு லோகோ. போடிநாயக்கனூரிலிருந்து ஏலக்காயை சவூதிக்கு அனுப்புகிறவரின் மெயிலிலும், கம்பத்துப் பன்னீர் திராட்சை வியாபாரியின் மெயிலிலும் அதே இடத்தில் அதே மாதிரி ஒரு படம் உட்கார்ந்திருக்கும்.

அந்தப் படம் ஆண்டிபட்டியிலிருந்து கிளம்பும்போது படமாகக் கிளம்புவதில்லை. மெயில் போகும் பாதையில் எழுத்துக்கு மட்டுமே அனுமதி. அதனால் லோகோ முழுவதையும் எழுத்தாக மாற்றி, வரி வரியாக அடுக்கி அனுப்புகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த வரிகளைத் திரும்பப் படமாக்குகிறார்கள். உலகம் முழுவதும் ஒவ்வொரு நொடியும் நடக்கும் இந்த வேலையை நாம் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை.

பாதை ஏன் அப்படி அமைந்தது? 1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதல் மெயிலை அனுப்பியபோது, போக வேண்டியது எழுத்து மட்டும்தான். 1982-இல் ஜான் போஸ்டல் மெயில் போக்குவரத்துக்கு விதிமுறை எழுதினார். எஸ்.எம்.டி.பி. என்ற அந்த முறைதான் இன்றைக்கும் அடித்தளம். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்து 128 குறிகள் அதற்குப் போதுமானதாக இருந்தன. 128 குறிகளைக் குறிக்க ஏழு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கம் ஏழு, போதும்; எட்டு பிட் சேர்ந்த பைட்டில் மிஞ்சும் எட்டாவது பிட் எப்போதும் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று விதி. ஒரு வரி, முடிவுக் குறிகளையும் சேர்த்து, 1000 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பது இன்னொரு விதி.

படக் கோப்புக்கு இந்த இரண்டு விதியுமே ஆகாது. அதன் ஒவ்வொரு பைட்டும் எட்டு பிட்டையும் பயன்படுத்துகிறது. 0 முதல் 255 வரை எந்த எண்ணும் எந்த இடத்திலும் வரலாம். வழியில் ஒரு கணினி எட்டாவது பிட்டை வெட்டிவிட்டால் பாதிப் படம் குப்பை. படத்தின் நடுவில் தற்செயலாக ‘வரி முடிந்தது’ என்று பொருள்படும் எண் வந்தாலும் குழப்பம்தான்.

அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வகத்தில் இருந்த நத்தானியல் போரன்ஸ்டீனும், மெயில் மென்பொருள் எழுதிவந்த நெட் ஃப்ரீடும் 1992-இல் இதற்கு வழி கண்டார்கள். ஏற்கெனவே உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்த மெயில் கணினிகளை மாற்றச் சொல்வது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே அவர்கள் பாதையைத் தொடவில்லை. பாதைக்குத் தக்கபடி சரக்கை மாற்றினார்கள். மைம் என்று பெயர் பெற்ற அந்த முறைப்படி 1992 மார்ச் 11-ஆம் தேதி போரன்ஸ்டீன் ஒரு மெயில் அனுப்பினார். அதில் அவரும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து பாடும் குழுவின் புகைப்படமும், அவர்கள் பாடிய பாட்டின் ஒலிப்பதிவும் இருந்தன. மெயிலில் எதற்குப் படம் என்று கேட்டவர்களுக்கு, என்றாவது எனக்குப் பேரப்பிள்ளைகள் பிறப்பார்கள், அவர்கள் படம் மெயிலில் வரவேண்டும் என்று அவர் பதில் சொல்வாராம். எனக்கு மிகவும் பிடித்த பதில் அது. இன்று நாம் அனுப்பும் இன்வாய்ஸ், ரேஷன் கார்டு ஸ்கேன், கல்யாணப் பத்திரிகை, லோகோ எல்லாம் அந்தத் தாத்தா ஆசையின் வழியாகத்தான் போகின்றன.

மாற்றும் விதம் எளிமையானது. படக் கோப்பில் மூன்று பைட்டை எடுத்தால் 24 பிட். அதையே ஆறு ஆறாகப் பிரித்தால் நான்கு துண்டு. ஆறு பிட்டில் 64 விதமான எண்கள் அமையும். அந்த 64 எண்களுக்கும் ஆளுக்கொரு எழுத்து: ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண் 10, கூட்டல் குறி, சாய்கோடு. எந்தப் பழைய கணினியும் கெடுக்காது என்று பார்த்துப் பொறுக்கிய எழுத்துகள் இவை. ஆக, படத்தின் மூன்று பைட் நான்கு எழுத்தாகிவிடும். 76 எழுத்துக்கு ஒரு வரி. பேஸ்64 என்று இதற்குப் பெயர்.

நம் தமிழ் மெயிலும் பெரும்பாலும் இதே வேடத்தில்தான் போகிறது. மெயிலில் வழக்கமாகப் பயன்படும் யுனிகோடு வடிவமான யு.டி.எஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சரியாக மூன்று பைட். மூன்று பைட் என்றால் நான்கு எழுத்து. மிச்சம் மீதி இல்லாமல் பொருந்துகிறது. ‘ஆண்டிபட்டி’ என்ற சொல்லில் நம் கணக்குக்கு ஆறு எழுத்து. புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்குப் பத்துக் குறி, அதாவது 30 பைட், அதாவது 40 பேஸ்64 எழுத்து. முதலில் வரும் ‘ஆ’ என்பது 4, கே, 6, ஜி என்று நான்கு எழுத்தாகும். அடுத்த ‘ண’ 4, கே, 6, ஜே ஆகும். புள்ளி 4, கே, கூட்டல் குறி, என். கடைசி இரண்டு எழுத்துதான் ஆளுக்கு ஆள் மாறும். முதல் இரண்டும் தமிழில் எந்தக் குறியானாலும் 4, கே. சொற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விழுந்ததும் மூன்று மூன்றாகப் பிரிக்கும் வரிசை நகர்ந்து இந்த ஒழுங்கு கலைந்துவிடும். ஆனால் தமிழில் தொடங்கும் மெயிலாக இருந்து, அனுப்பிய மென்பொருள் பேஸ்64-ஐப் பயன்படுத்தியிருந்தால், உள்ளடக்கத்தின் முதல் இரண்டு எழுத்து 4, கே என்றுதான் இருக்கும். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதை அழுத்தினால் இதை நேரிலேயே பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அம்மா அனுப்பிய ‘அன்புள்ள’ எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டும்.

லோகோவுக்கு வருவோம். 200 புள்ளி அகலம், 80 புள்ளி உயரம் உள்ள லோகோவில் 16,000 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். மொத்தம் 48,000 பைட். அப்படியே அனுப்பினால் 64,000 எழுத்து. ஆனால் லோகோவில் பாதிக்கு மேல் ஒரே நிறம்தானே? அந்த ஒற்றுமையைப் பிடித்துச் சுருக்கும் முறைதான் 1996-இல் வந்த பி.என்.ஜி. சேலை நெய்கிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்த டிசைனில் ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். உடல் பகுதி முழுக்க ஒரே நிறம் என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் யாரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ‘இதே மாதிரி இத்தனை வரி’ என்று ஒரு வார்த்தையில் முடிப்பார்கள். கரையில் மயில் மாற்றி மாற்றி வந்தால் ஒரு மயிலை வரைந்துவிட்டு ‘திரும்ப இதே’ என்பார்கள். பி.என்.ஜி. முறையும் அடுத்த புள்ளி பக்கத்துப் புள்ளியிலிருந்தும் மேல்வரியிலிருந்தும் எவ்வளவு மாறுகிறது என்பதை மட்டும் குறித்து, திரும்பத் திரும்ப வருவதைச் சுட்டிக்காட்டி முடித்துவிடுகிறது. ஒரு புள்ளிகூடக் கெடாது. அந்த 48,000 பைட் சுருங்கி 6,000 ஆனால், பேஸ்64-இல் 8,000 எழுத்து, 106 வரி.

ஜே.பி.ஜி. வேறு வழி. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாக வெட்டி, கண்ணுக்குத் தெரியாது என்று கருதும் நுணுக்கங்களை விட்டுவிடும். வைகை அணையைப் போட்டோ எடுத்தால் அது அருமையான முறை. லோகோவில் எழுத்தின் விளிம்புகள் கூர்மையானவை. அந்தக் கூர்மையில்தான் ஜே.பி.ஜி. தடுமாறும். ‘ணை’, ‘ஞ’ போன்ற சுழி நிறைந்த எழுத்துகளைச் சுற்றித் தூசி படிந்தது போலத் தெரிவது இதனால்தான். லோகோவுக்கு பி.என்.ஜி.தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நிறையப் பேர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. கடைப் பலகையை செல்போனில் படமெடுத்து அதையே மெயிலின் அடியில் தானாக வரும் சிக்னேச்சரில் போட்டு, மவுஸால் மூலையைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கிவிடுவார்கள். பார்வைக்குச் சின்னதாகிவிடும், மெயிலின் உள்ளே முழுப் படமும் அப்படியே இருக்கக்கூடும். நான்கு எம்.பி. படம் என்றால் பேஸ்64-இல் 53 லட்சம் எழுத்து, 70,000 வரிக்கு மேல். ‘சரி, நாளை அனுப்புகிறோம்’ என்ற ஒரு வரிப் பதிலுக்கும் அத்தனை வரியும் கூடவே போகும். பதிலுக்குப் பதில், அதற்கொரு பதில் என்று போய்க்கொண்டிருந்தால் இரண்டு பக்கத்து மெயில் பெட்டியும் நிறையும்.

மெயிலுக்குள் படத்தை வைக்க இரண்டு வழிதான் நடைமுறையில் உண்டு. முதல் வழி, இதுவரை சொன்னது: படம் மெயிலோடே போகும். மைம் முறைப்படி ஒரு மெயிலைப் பல பகுதிகளாகப் பிரிக்கலாம். ஒரு பகுதியில் வாசகம், இன்னொரு பகுதியில் லோகோவின் 106 வரி. லோகோ பகுதிக்கு ஓர் அடையாளப் பெயர் கொடுத்து, வாசகத்தில் ‘இந்த இடத்தில் அந்தப் பெயருள்ள பகுதியைக் காட்டு’ என்று எழுதிவிடுவார்கள். அவுட்லுக் இப்படித்தான் செய்யும். ‘இமேஜ்001’ என்ற பெயரில் ஒரு கோப்பை எத்தனையோ மெயில்களில் பார்த்திருப்பீர்கள். அது யாரோ ஒருவரின் லோகோ. சில மென்பொருள்கள் அதை இணைப்பு என்று எண்ணி பேப்பர் கிளிப் குறியைக் காட்டிவிடும். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர் பில் வந்திருக்கிறதா என்று கிளிப் உள்ள மெயிலாகத் தேடினால், வந்த மெயிலெல்லாம் கிளிப்போடு நிற்கும்.

இரண்டாவது வழியில் படம் மெயிலில் போகாது. படம் இருக்கும் வலைத்தள முகவரி மட்டும் போகும். மெயிலைத் திறக்கும் கணினி அங்கே போய் எடுத்துவந்து காட்டும். மெயில் இலேசாகும். ஆனால் வலைத்தளத்துக்குப் பணம் கட்ட ஒரு வருடம் மறந்துபோனால், அதுவரை அனுப்பிய அத்தனை மெயிலிலும் லோகோ இருந்த இடத்தில் காலிக் கட்டம். லோகோவை மாற்றி அதே முகவரியில் புதியதை வைத்தால், ஐந்து வருடத்துக்கு முன் அனுப்பிய மெயிலைத் திறந்தாலும் இன்றைய லோகோ தெரியக்கூடும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: படத்தை எடுக்க யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், எந்த இணைய முகவரியிலிருந்து வந்தார்கள் என்பது படம் இருக்கும் கணினியில் பதிவாகும். மெயிலைத் திறந்தீர்கள் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். ஒரே ஒரு புள்ளி அளவில், கண்ணுக்குத் தெரியாத படத்தை வைத்து வேவு பார்ப்பதையே தொழிலாகச் செய்கிறார்கள். அதனால்தான் அவுட்லுக் 2003-லிருந்து ‘படங்களைக் காட்டட்டுமா’ என்று முதலில் கேட்கிறது. 2013 டிசம்பரில் ஜிமெயில் படங்களைத் தன் கணினி வழியாக எடுத்துக் காட்டத் தொடங்கியது. அனுப்பியவருக்கு வாசகரின் முகவரி தெரியாது, கூகுளின் முகவரிதான் தெரியும். 2021-இல் ஆப்பிள், வாசகர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே எடுத்துவைத்து, திறந்த நேரத்தையும் மறைக்க வழி செய்தது. லோகோ மட்டுமே போட்ட நேர்மையான வியாபாரியின் மெயிலும் இந்தச் சண்டையில் அடிபடுகிறது: அவுட்லுக்கில் திறப்பவருக்கு லோகோவுக்குப் பதில் ஓர் எச்சரிக்கை வரிதான் முதலில் தெரியும்.

ஆகவே பெயர், முகவரி, செல் நம்பர் எல்லாவற்றையும் படத்துக்குள் வைத்து ஒரே பட்டையாக அனுப்புவது சரியில்லை. படம் வராவிட்டால் எதுவும் மிஞ்சாது. நம்பரைத் தொட்டுப் பேச முடியாது. பிறகு தேடினாலும் அகப்படாது. பார்வையில்லாதவர் திரை வாசிப்பான் வைத்துப் படித்தால் ‘படம்’ என்ற சொல் மட்டும் காதில் விழும். லோகோவுக்கு மாற்று வாசகமாகக் கடையின் பெயரைக் கொடுத்துவிட்டால் அந்தக் குறை தீரும்; ஒரு நிமிட வேலை. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி வணிகக் கடிதத்தில் பதிவு அலுவலக முகவரியும் அடையாள எண்ணும் போட வேண்டும். அதையும் எழுத்தாகவே போடுவது நல்லது. அசோகச் சிங்கத்தைத் தனியார் யாரும் சிக்னேச்சரில் வைக்கக்கூடாது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது.

கறுப்புப் பின்னணியில் மெயில் படிப்பவர்கள் இப்போது அதிகம். பின்னணி இல்லாத பி.என்.ஜி.யில் கறுப்பு எழுத்து வைத்திருந்தால் அவர்கள் போனில் அது காணாமல் போகும். எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஓரம் விட்டால் தப்பிக்கும். சின்ன அளவில் எது தெளிவாகத் தெரியும் என்பது ஆண்டிபட்டிக்குப் புதிதில்லை. 1984-இல் அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். ஜெயித்ததும், 2002-லும் 2006-லும் ஜெயலலிதா ஜெயித்ததும் இந்தத் தொகுதியில்தான், இரட்டை இலைச் சின்னத்தில்தான். வாக்குச்சீட்டிலும் இயந்திரத்திலும் அச்சாகும் சின்னங்கள் வண்ணமில்லாத கோட்டுச் சித்திரங்கள். படிக்கத் தெரியாதவரும் ஒரு பார்வையில் பிடித்துக்கொள்வார். உங்கள் லோகோவைக் கறுப்பு வெள்ளையாக்கி, விரல் நுனி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அடையாளம் தெரிந்தால் அது நல்ல லோகோ.

இத்தனை பாடுபட்டுப் போய்ச் சேரும் லோகோ, அனுப்பியவர் இன்னார் என்பதை நிரூபிக்குமா? நிரூபிக்காது. ஒரு மெயிலிலிருந்து காப்பி செய்து இன்னொன்றில் ஒட்ட ஐந்து நொடி போதும். சிக்னேச்சர் என்று பெயர் இருந்தாலும் அதில் கையெழுத்து எதுவும் கிடையாது.

உண்மையான கையெழுத்து கண்ணுக்குத் தெரியாமல் மெயிலின் தலைப்பகுதியில் இருக்கிறது. 2007-இல் தரமாக வந்த டி.கிம் என்ற முறை அது. அனுப்பும் கணினி மெயிலின் உள்ளடக்கம் முழுவதையும், லோகோவின் 106 வரிகளையும் சேர்த்து, ஒரு கணக்கில் போட்டு 256 பிட் நீளமுள்ள சாரமாக்கும். அதைத் தலைப்பகுதியின் சில வரிகளோடு சேர்த்து, தன்னிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால் முத்திரையிடும். அதைச் சரிபார்க்கும் சாவியை அந்த நிறுவனத்தின் இணையப் பெயரோடு பொதுவில் வைத்திருக்கும். பெறும் கணினி அதை எடுத்துச் சோதிக்கும். வழியில் லோகோவில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. அந்தச் சாரமும் முத்திரையும்கூட பேஸ்64-இல்தான் எழுதப்படுகின்றன. சாரம் 44 எழுத்து, 2048 பிட் சாவியானால் முத்திரை 344 எழுத்து. இணைய முகவரியிலிருந்து எடுத்துக் காட்டும் லோகோவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. முத்திரைக்குள் அடங்குவது முகவரி மட்டும். அந்த முகவரியில் இருக்கும் படத்தை யாராவது மாற்றினாலும் முத்திரை அப்படியே நிற்கும்.

லோகோவுக்கே நம்பகத்தன்மை கொடுக்கும் முயற்சியும் நடக்கிறது. பிமி என்ற முறையில், அனுப்புகிறவர் பெயருக்குப் பக்கத்திலேயே மெயில் மென்பொருள் லோகோவைக் காட்டும். 2021 ஜூலையிலிருந்து ஜிமெயிலில் இது உண்டு. இதற்குப் போலி மெயிலைத் தடுக்கும் ஏற்பாடுகளை முதலில் ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும்; லோகோவுக்குச் சான்றிதழும் வாங்க வேண்டும். வங்கிகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் சரி. சக்கம்பட்டிக் கடைக்கு அந்தச் சான்றிதழின் ஆண்டுக் கட்டணம் இன்னும் கட்டுப்படியாகாது.

டி.கிம் முத்திரைக்கும் ஓர் எல்லை உண்டு. இந்த இணையப் பெயரிலிருந்துதான் வந்தது என்று மட்டுமே அது சொல்லும். கடையின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வேறொருவர் இணையப் பெயர் வாங்கினால், அவர் மெயிலும் சோதனையில் தேறிவிடும். வியாபாரிகளைக் குறிவைக்கும் மோசடி இப்படித்தான் நடக்கிறது. பழைய மெயில் தொடரைப் பார்த்துவிட்டு, அதே நடையில், அதே லோகோவோடு, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பாக்கியைப் புதுக் கணக்கில் போடவும்’ என்று ஒரு மெயில் வரும். சேலை வாங்கியவர் பணத்தைப் போட்டுவிடுவார். நெய்து கொடுத்தவர் காத்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு மெயில் வந்தால் லோகோவைப் பார்க்காமல், அனுப்பியவர் முகவரியில் @ என்ற சுழிக்குறிக்குப் பின்னால் உள்ளதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அந்த மெயிலில் இருக்கும் நம்பரை விட்டுவிட்டு, உங்கள் போனில் பல நாளாகப் பதிந்திருக்கும் நம்பருக்குப் பேசி, கணக்கு மாறியது உண்மையா என்று கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தப் பணம் கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்கு முன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.